ஷாரோன் வந்தால் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர்

ஷாரோன் கடை திறந்த பிறகு, முதல் திருகிலிருந்து கடைசி வயர் வரை தன் கையாலேயே பூட்டி விற்ற முதல் கம்ப்யூட்டர் முத்துச்செல்வியுடையது. அதற்கு முன்னால் ஷாரோன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். ஷிப்ட் மாறி மாறித் தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகிப் போனதில் வேலையை விட்டாள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், பிரியாணிக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ஒரு அறை காலியாக இருந்தது. அதைப் பிடித்து 'ஷாரோன் சிஸ்டம்ஸ்' என்று போர்டு மாட்டினாள். ஹாஸ்டல் பையன்களின் லேப்டாப்பும், ஜெராக்ஸ் கடைகளின் பிரிண்டரும்தான் வந்துகொண்டிருந்தன. புதிதாக ஒன்று பூட்டித் தரச் சொல்லி வந்து நின்ற முதல் ஆள் முத்துச்செல்விதான், இடுப்பில் கைக்குழந்தையோடு.

முத்துச்செல்விக்கு விளாத்திகுளம் பக்கம். செல்போன் கம்பெனி லைனில் வேலைக்கு வந்தவள், ஊர்க்காரனான வேல்ராஜையே கட்டிக்கொண்டு மாத்தூரில் வாடகை வீட்டில் இருந்தாள். வேல்ராஜுக்கு வல்லத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் தையல் பிரிவு. மகிழினி பிறந்ததும் முத்துச்செல்வி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே வீடியோ வெட்டி ஒட்டித் தர ஆரம்பித்தாள். பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து என்று அக்கம்பக்கத்தார் போனில் எடுத்துக்கொண்டு வருவதை, போனிலேயே வெட்டி, பாட்டுப் போட்டு, பெயர் எழுதிக் கொடுத்தாள். வேலை கூடக் கூடப் போன் திணறியது.

"குதிர கணக்கா ஓடணும் தங்கச்சி. பாக்கதுக்கு எப்படி இருந்தாலும் சரி" என்றாள் முத்துச்செல்வி.

ஷாரோன் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை ஆறு கோர் கொண்ட நல்லதாகப் பார்த்து, மற்ற பாகங்களோடு வாங்கி வந்தாள். பூட்டி, ஓட்டிப் பார்த்து, அப்பா தாவீது ஓட்டுகிற கம்பெனி வேனிலேயே வைத்து மாத்தூரில் கொண்டுபோய் இறக்கினாள். அடுத்த நாளே போன் வந்தது.

"தங்கச்சி! அவுக குளிச்சிட்டு வாரதுக்குள்ள ஒரு வளைகாப்பையே முடிச்சிட்டேன்!"

ஷாரோனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த எல்லோரிடமும் அந்த வளைகாப்பைப் பற்றிச் சொன்னாள். பிரியாணிக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

மறு மாதம் அதே குரல் சோர்ந்து போய் வந்தது. "தங்கச்சி, குதிர நொண்டுதே."

என்ன ஆகிறது என்று கேட்டபோது முத்துச்செல்வி விவரமாகச் சொன்னாள். வீடியோவை வெட்டி ஒட்டி முடித்து, கடைசியாக அதை ஒரே படமாக மாற்றச் சொல்லும்போது ஆரம்பத்தில் ஜோராகத்தான் போகிறதாம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேகம் விழுந்துவிடுகிறதாம். பிறகு மவுஸை அசைத்தால்கூட ஒரு மூச்சு விட்டுத்தான் அம்பு நகர்கிறதாம்.

"புதுசா எதுனா போட்டீங்களா, இன்னா மாறிச்சு?" என்று ஷாரோன் கேட்டாள்.

"எடிட்டிங் சாஃப்ட்வேர புதுசா மாத்துனேன். வேற ஒண்ணுமில்ல."

அப்படியென்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு ஷாரோன் ஸ்கூட்டியை எடுத்தாள். வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போனபோது சிபியு மேசைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பலகை மேல் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு காதுகுத்து வீடியோவை ஓடவிட்டாள். பறந்தது. ப்ராசஸரின் வேகம் நாலு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. இருந்தாலும் வந்ததற்காகச் சாஃப்ட்வேரைப் பழையதாக மாற்றினாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு ஏதாவது வேகத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை. வேல்ராஜ் வாங்கி வந்த பருத்திப்பாலைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே முத்துச்செல்வியின் போன். "தங்கச்சி, நீங்க அங்குட்டுப் போனீங்க, இது இங்குட்டுப் படுத்துக்கிட்டு."

இந்த முறை சிபியுவைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னாள். வேல்ராஜ் பைக்கில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவரைப் போல வைத்துக்கொண்டு வந்தான். அன்று பகல் முழுக்க அதை ஓட்டு ஓட்டென்று ஓட்டினாள். எழுபது டிகிரியைத் தாண்டிச் சூடேறவில்லை. வேகம் துளியும் குறையவில்லை. என்றாலும் திறந்து, ப்ராசஸர் மேல் பூசியிருந்த பேஸ்ட்டைத் துடைத்து எடுத்துப் புதிதாகப் பூசி, மேலே உட்காருகிற ஃபேனின் நான்கு பிடிகளும் டக் டக்கென்று விழுந்தனவா என்று அமுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். வெப்பத்தைக் காட்டுகிற ஒரு சின்ன சாஃப்ட்வேரையும் போட்டு, "நொண்டும்போது ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா" என்றாள்.

அன்று சாயங்காலமே போட்டோ வந்தது. தொண்ணூற்றெட்டு டிகிரி. வேகம் ஒன்றுக்கும் கீழே.

இப்போது ஷாரோனுக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. ப்ராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கருகிப் போகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அதே மெஷின், அதே வேலை. கடையில் ஏறாத சூடு வீட்டில் ஏன் ஏறுகிறது?

போனில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். சுவரை ஒட்டி வைத்திருக்கிறீர்களா? இல்லை, பின்னால் கை போகிற அளவுக்கு இடமிருக்கிறது. வெயில் படுமா? படாது. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா? கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது.

"மேல துணி கிணி போட்டு மூடிகினு கீறீங்களா?"

"துணியா? துணியெல்லாம் ஒண்ணும் போடலையே தங்கச்சி" என்றாள் முத்துச்செல்வி. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கூடுதலாக ஒரு ஃபேனை வாங்கிக்கொண்டு போனாள். மாட்டி, ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குதிரை பாய்ந்தது. வேல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான்.

"உங்க கைராசி அப்படித் தங்கச்சி. நீங்க வாசல்ல கால வச்சதும் அதுக்குத் தெரிஞ்சிருது" என்றான்.

வீட்டுக்காரம்மா பாஞ்சாலி பக்கத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணு பட்டுக்கீதும்மா. இந்த லைன்ல யாரு வூட்ல கம்ப்யூட்டர் கீது? நாலு பேரு வந்து பாத்துகினே இருந்தா தாங்குமா அது?"

ஷாரோன் சிரித்து வைத்தாள். ஆனால் வழியெல்லாம் மனது குடைந்தது. மறுநாள் மீண்டும் தொண்ணூற்றெட்டு டிகிரியோடு போட்டோ வந்தபோது, சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆயுத பூஜை நெருங்கியது. வேல்ராஜின் கம்பெனியில் அன்றைக்குக் குடும்பத்தோடு எல்லோரையும் உள்ளே அழைப்பார்கள். ஒவ்வொரு பிரிவும் மேடையில் ஏதாவது செய்ய வேண்டும். போன வருடம் தையல் பிரிவு ஒரு குரூப் டான்ஸ் ஆடி, பாதியில் பாட்டு நின்று, மற்ற பிரிவுகளின் கேலிக்கு ஆளாகியிருந்தது. இந்த வருடம் முத்துச்செல்வி ஒரு யோசனை சொன்னாள். பிரிவில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும், ஊரிலிருந்தே, போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது. கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிள்ளை கம்பெனியில் என்ன வேலை செய்கிறது?

வந்த பதில்களைப் பார்த்து முத்துச்செல்வி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிலதை ஷாரோனுக்கும் அனுப்பினாள். ஷாரோன் கடையில் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். ஆனால் அவ்வளவையும் கோர்த்து, பேசுவதைக் கீழே எழுத்தில் போட்டு, பெரிய திரைக்குத் தகுந்த தரத்தில் படமாக்க அந்த நொண்டிக் குதிரையால் முடியவில்லை. காலையில் ஆரம்பித்தால் மதியம் பாதிகூடத் தாண்டாது. ஒரு இடத்தில் திருத்தம் என்றால் மறுபடி முதலிலிருந்து.

"தங்கச்சிய நான் குத்தஞ்சொல்லல" என்றாள் முத்துச்செல்வி போனில். அப்படிச் சொன்னதுதான் ஷாரோனுக்கு அதிகமாகச் சுட்டது.

அன்று வீட்டில் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் தாவீது சொன்னார்: "இன்னாம்மா இது, நீ போனா ஓடுது, வந்தா நிக்குது. பேசாம ஒரு பாயி தலகாணி எடுத்துகினு போய் அவுங்க வூட்லயே குந்திக்கோ."

"அப்பா!"

"சும்மா சொன்னேன்மா. நல்லாப் பூட்டுனது நீ. மெஷின்ல ஒண்ணுமில்லன்னா மெஷின்ல ஒண்ணுமில்ல. சாப்புடு."

ஷாரோனுக்கு அப்படி விட மனமில்லை. ப்ராசஸரிலேயே ஏதோ கோளாறு, அது எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது என்று முடிவுக்கு வந்தாள். கடையில் அவள் வேலைக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் அதே மாதிரி ப்ராசஸர்தான் இருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் மாற்றிக் கொடுத்துவிடலாம். இதைப் போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போன சேலையோடு, தோளில் திருப்புளிப் பையோடு, ப்ராசஸரைப் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு மாத்தூருக்கு வண்டியை விட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே வறுத்த மசாலா வாசனை. அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் திரையில் ஆயுத பூஜைப் படம் பதினொரு சதவீதத்தில் நின்றிருந்தது. மேசைக்குப் பக்கத்தில், அரக்கு நிறத்தில், சாம்பல் நிறக் கரை வைத்து, பளபளவென்று ஒரு குட்டி சோபா மாதிரி ஏதோ இருந்தது. மகிழினி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கன்னத்தை அதன் மேல் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

மிக்ஸி நின்றது. முத்துச்செல்வி எட்டிப் பார்த்தாள். "எம்மா, ஷாரோனா! வாங்க வாங்க. ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா? சேலையில அம்சமா இருக்கீங்க!"

ஷாரோன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா, சிபியு எங்க?"

"அங்கனதான இருக்கு."

"எங்க?"

"பாப்பா புடிச்சிக்கிட்டு நிக்கால்லா, அதான்."

ஷாரோன் அந்தக் குட்டி சோபாவை மறுபடி பார்த்தாள். முன்பக்கம் பொத்தானுக்கு ஒரு சின்ன வட்டத் துளை. அதைச் சுற்றி அழகாக நூல் வேலை. பின்பக்கம் எல்லா வயர்களும் அடிவரை இறங்கிய ஒரே ஒரு பிளவு வழியாக வெளியே வந்திருந்தன. வேறு எங்கும் ஒரு ஊசி நுழைகிற இடம் இல்லை.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வேல்ராஜ் ஈரக் கையோடு உள்ளே வந்தான். ஷாரோன் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி இதப் பாத்ததில்லல்ல? நான் தச்சதுதான். பாப்பா புடிச்சு எந்திரிக்க ஆரம்பிச்சா. அந்தத் தகர முனை நெத்தில குத்திருமோன்னு பயம். அதோட ரோட்டுல லாரி போயி போயி தூசி வேற. மறைமலை நகர் போயி சீட் கவர் கடையில நல்ல ரெக்சினாப் பாத்து வாங்கிட்டு வந்தேன். உள்ள ஃபோம் வச்சிருக்கு, தொட்டுப் பாருங்க. காருக்குப் போடுத அதே ரெட்டத் தையல். அடியிலயும் மூடி ஒட்டுப்பட்டை வச்சிருக்கேன். ஒரு பொட்டுத் தூசி உள்ள போவாது!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஷாரோன் அதன் பக்கத்தில் போய்விட்டாள். முழங்காலிட்டு உட்கார்ந்து உறையைத் தொட்டாள். வெளியே லேசான கதகதப்புதான். குழந்தைக்கு அது பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. பின்னால் வயர் வருகிற பிளவுக்குள் இரண்டு விரலை விட்டாள். இட்லிப் பானையைத் திறந்தது போல அடித்தது.

"அண்ணா," என்றாள் மெதுவாக, "நான் வரப்போல்லாம் இது இல்லியே."

"நீங்க வாரதுக்கு முன்னாடியே கழட்டி வச்சிருவேன். நீங்க திருப்புளியப் போட்டுத் திருகுவீங்க, ரெக்சின் கீறிரும்லா. கடைக்குக் கொண்டாரப்பவும் கழட்டிட்டுத்தான் கொண்டாந்தேன்."

"டாக்டர்ட்ட போனா சட்டையக் கழட்டுதோம்லா, அது கணக்கா" என்றாள் முத்துச்செல்வி கரண்டியோடு.

"அக்கா, நான் துணி போட்டு மூடிகினு கீறீங்களான்னு கேட்டேனே!"

"துணியா இது? ரெக்சின்லா!"

சொல்லி வாய் மூடுவதற்குள் முத்துச்செல்விக்கே உறைத்துவிட்டது. கரண்டியை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

ஷாரோன் அடியிலிருந்த ஒட்டுப்பட்டையை 'பர்'ரென்று பிரித்து, உறையை மேலே உருவி எடுத்தாள். சூடான காற்று குப்பென்று முகத்தில் அடித்தது. திரையில் வெப்பம் காட்டுகிற எண் தொண்ணூற்றெட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தது. எண்பத்தொன்பது, எண்பது. வேகம் ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, நாலில் போய் நின்றது. பதினொரு சதவீதத்தில் படுத்திருந்த படம் பதினைந்து, பதினேழு என்று ஓட ஆரம்பித்தது.

முத்துச்செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கைராசியாம்! கைராசி! இவுகளே மூடி வச்சு, இவுகளே தொறந்து காட்டிட்டு... எங்கம்மா!" அவள் சிரிப்பதைப் பார்த்து மகிழினியும் கை தட்டிச் சிரித்தாள். ஷாரோனுக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. மெஷினில் ஒன்றுமில்லை. அவள் பூட்டியதில் ஒன்றுமே இல்லை!

வேல்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத் தையலைக் கட்டை விரலால் தடவினான். முத்துச்செல்வி அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"நல்லாத் தைக்கணும்னு ரெண்டு ஞாயித்துக்கெழம உக்காந்தேன்" என்றான் அவன், யாரிடமும் இல்லாமல்.

ஷாரோன் அவன் பக்கத்தில் போய் உறையின் மறு முனையைப் பிடித்தாள். "அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? வேற யாரு தச்சிருந்தாலும் எங்கியாச்சும் ஒரு சந்து இருந்திருக்கும், காத்து பூந்திருக்கும், இது இவ்ளோ சூடாகியிருக்காது. நீங்க தச்சதாலதான் இந்த கதி."

வேல்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு அவனுக்கும் வாய் கோணிக்கொண்டு வந்தது. "ஒரு இஞ்சு தையல் விட்டிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும், என்ன?" என்று சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்துப் பெரிதாகச் சிரித்தான்.

சிரித்து ஓய்ந்ததும் அவனாகவே கேட்டான்: "இதுக்குக் காத்து எந்தப் பக்கம் போவும், எந்தப் பக்கம் வரும்?"

"முன்னாடி இழுக்கும், பின்னாடியும் மேலயும் விடும்."

"எங்க கம்பெனில காத்து வார சீட் ஒண்ணு ஓடுது. பெரிய காருக்கு. ரெக்சின் முழுக்கப் பொடிப்பொடியா ஓட்ட இருக்கும். அடியில வலைத்துணி. உக்காந்தா முதுகு வேர்க்காது." அவன் குரலில் வேகம் ஏறியது. "அந்த மாரி தச்சா?"

"எங்க ஓட்ட வேணும்னு காட்டுறேன், இருங்க. ஊதுபத்தி கீதா அக்கா?"

முத்துச்செல்வி ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். ஷாரோன் அதைச் சிபியுவின் முன்பக்கம் பிடித்தாள். புகை வளைந்து உள்ளே போயிற்று. பின்பக்கம் பிடித்தாள். புகை சிதறி விலகிப் போயிற்று. ஊதுபத்தி நகர நகர, வேல்ராஜ் தையல்காரர் சாக்பீஸால் பழைய உறை மேலேயே அந்தந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தான். மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு இப்படிப் புகை காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பாஞ்சாலியின் நிழல் விழுந்தது.

"அதான் நான் அப்பவே சொன்னேன், கண்ணு பட்டுக்கீதுன்னு" என்றாள் அவள் திருப்தியோடு. "ஊதுபத்தி பத்தாதும்மா. பூசணிக்கா ஒடைக்கணும்."

மூவருக்கும் மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. பாஞ்சாலிக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "ஒரு சட்ட போட்டதுக்கா இப்டிப் பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மோர்மிளகாய் இருக்கிறதா என்று முத்துச்செல்வியிடம் விசாரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷாரோன் கொண்டுவந்த ப்ராசஸர் டப்பாவை முத்துச்செல்வி தற்செயலாகத்தான் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். ஷாரோன் மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. தன் கடை மெஷினில் இருந்து கழற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். முத்துச்செல்வி டப்பாவை வாங்கித் திரும்ப அவள் பைக்குள்ளேயே வைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

"ஏ புள்ள, இன்னைக்கு நீ சாப்புடாமப் போனியோ, பாத்துக்கோ. கோழி வெந்துக்கிட்டு இருக்கு" என்றாள். அன்றிலிருந்து 'நீங்க' போய் 'நீ' ஆயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் படம் நூறு சதவீதம் முடிந்திருந்தது.

புது உறை அடுத்த வாரமே தயாராயிற்று. முன்பக்கம் பொடித் துளை போட்ட ரெக்சின். பின்பக்கமும் மேல்பக்கமும் கறுப்பு வலை. மூலைகளில் மட்டும் தடித்த ஃபோம், குழந்தையின் நெற்றிக்காக. வேல்ராஜே அதைக் கடைக்குக் கொண்டுவந்து, "நீ ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வீட்ல மாட்டுவேன்" என்றான். ஷாரோன் அதைத் தன் கடை மெஷினுக்கே மாட்டி, கனமான வேலையைக் கொடுத்து, பிரியாணி வாங்கி வந்து இருவரும் சாப்பிட்டு முடிக்கும் வரை ஓடவிட்டாள். எழுபத்திரண்டு டிகிரி. உறை இல்லாமல் ஓடியதற்கும் இதற்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். வேல்ராஜ் அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். அங்கே வந்திருந்த ஹாஸ்டல் பையன் ஒருவன் உறையைத் தடவிப் பார்த்து, தன் மெஷினுக்கும் நீல நிறத்தில் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டான்.

ஆயுத பூஜையன்று ஷாரோனையும் கையோடு அழைத்துப் போனார்கள். கம்பெனி கேட்டில் வாழைமரம். உள்ளே தையல் மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தையல் பிரிவில் வேல்ராஜ் தன் மெஷினைக் காட்டினான், ஷாரோன் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எப்டி சூடாகாம ஓடுது?" என்று கேட்டாள். அவன் உடனே குனிந்து மோட்டார் இருக்கிற இடத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டான். முத்துச்செல்வி இருவரையும் இழுத்துக்கொண்டு கேன்டீன் ஹாலுக்குப் போனாள்.

ஃபோம் பிரிவு ஒரு நாடகம் போட்டது. வெல்டிங் பிரிவு ஆடியது, நன்றாகவே ஆடியது. பிறகு விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் தையல் பிரிவின் படம் ஓடத் தொடங்கியது.

முதலில் சங்கரன்கோவில் பக்கத்து அப்பா ஒருவர், ஆட்டைப் பிடித்துக்கொண்டு: "எம்மவ காரு செய்யுதா. முழுக் காரும் அவதான்." ஹாலில் சிரிப்பு. அடுத்து ராமநாதபுரத்து அக்கா ஒருத்தி: "தம்பி ஏசி ரூம்ல உக்காந்து ஊசியில நூல் கோர்ப்பான். அவ்வளவுதான் வேல. அதுக்குத்தான் லீவு தரமாட்டேங்குறாங்களாம்." சூப்பர்வைசர் முதல் வரிசையில் தலையைச் சொறிந்துகொண்டார். ஒரு சின்னப் பெண் கேமராவுக்கு மிக அருகில் வந்து, "எங்க சித்தப்பாதான் கம்பெனி ஓனர்" என்றது. அந்தச் சித்தப்பா எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

கடைசியாக வேல்ராஜின் அம்மா சொர்ணம்மாள் வந்தாள். கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் யாரையோ பார்த்துச் சொன்னாள்: "காருக்குச் சட்ட தைக்கான். மனுசனுக்குத் தைன்னா மாட்டேங்கான். போன வருசம் ஒரு ஜாக்கெட் துணி குடுத்தேன், இன்னும் வரல." பிறகு நேராகத் திரையிலிருந்து பார்த்து, "ஏலே வேலு, எங்கல என் ஜாக்கெட்டு?" என்றாள்.

ஹாலே அதிர்ந்தது. வேல்ராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பின் வரிசையிலிருந்து யாரோ, "ஏலே வேலு, ஜாக்கெட்டு எங்கல?" என்று கத்த, நாலு பக்கமிருந்தும் அதே கேள்வி கிளம்பியது. முத்துச்செல்வி சிரிக்காமல், படம் ஒரு இடத்திலும் தட்டாமல் ஓடுகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்து விளக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டு ஷாரோனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முதல் பரிசு வெல்டிங் பிரிவுக்குத்தான் போயிற்று. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பொரி கடலைப் பொட்டலம் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும்போதே, ஃபோம் பிரிவுக்காரர்கள் எழுந்து நின்று, "இன்னொரு தபா போடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்கள். ஷாரோன் மடியில் மகிழினியை உட்காரவைத்து, வாய் நிறையப் பொரியோடு, தானும் சேர்ந்து கத்தினாள்.

மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே விளக்கை மறுபடி அணைத்தார். இரண்டாம் முறை படம் தொடங்கியபோது, அடுத்தது யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டதால், எல்லோரும் முன்னதாகவே சிரிக்க ஆரம்பித்தார்கள்.